மோட்டர்ஹோம், கரவன் வைத்திருப்பவர்களுக்கு அதில் மிகவும் பிடித்த வசதிகள் எவை?

கக்கூஸ்.

எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்வதற்கு மன்னியுங்கள். வண்டி வாங்கப் போகிறவர் கட்டிலையும் சமையல் மேடையையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வாங்கி இரண்டு வருடம் ஓட்டியவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கழிவுத் தாங்கியில் வந்துதான் நிற்பார்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என்னிடம் இருப்பதைப் பெரிய வாயில் மோட்டர்ஹோம் என்று சொல்ல முடியாது. பழைய டொல்பின் ஹயஸ் வான், பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, கட்டில், பற்றரி, சின்ன சிங்க் எல்லாம் வைத்துக் கட்டியது. அசல் சாமானைப் பார்த்தது கனடாவில். ஸ்காபரோவில் இருக்கும் அக்கா வீட்டில் 30 அடி ட்ரெய்லர் ஒன்று நிற்கிறது. ஒரு கோடையில் அத்தானின் பிக்கப்புக்குப் பின்னால் அதைக் கொழுவிக்கொண்டு அல்கோன்குவின் பூங்காவுக்குப் போய் ஐந்து நாள் இருந்தோம். இரண்டு வண்டியிலும் படுத்து எழும்பியவன் என்ற தகுதியில்தான் இந்தப் பதில்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். எங்கள் வீட்டுப் பெண்கள் புறப்படுவதற்கு முதல் நாள் இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். ஆண்களுக்கு வழி நெடுக மரம் இருக்கிறது, அவர்களுக்கு என்ன இருக்கிறது? சாப்பாட்டுக் கடைப் பின்பக்கம் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்த கதைகள்தான். வானில் நான் வைத்தது பெட்டி மாதிரியான சின்ன டொய்லெட். மேல் பாதியில் நல்ல தண்ணீர், கீழ்ப் பாதியில் 20 லீற்றர் கழிவு, நடுவில் இழுத்து மூடும் ஒரு தட்டு. நீல நிற மருந்து ஊற்றினால் மணம் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கீழ்ப் பாதியைச் சூட்கேஸ் மாதிரிக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டுக் கக்கூஸிலேயே ஊற்றிவிடலாம். அது வந்த பிறகு போன முதல் பயணத்தில் அம்மா புத்தளத்தில் ஒரு செவ்விளநீரை முழுதாகக் குடித்து, வழுக்கையையும் வழித்துச் சாப்பிட்டார். அதற்கு முன்னர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் வரைக்கும் அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது.

அத்தானின் ட்ரெய்லரில் இதே விஷயம் பெரிய ஏற்பாடு. அங்கே இரண்டு தாங்கிகள்: கக்கூஸ் கழிவுக்குக் கறுப்புத் தாங்கி, சிங்க்கும் குளியலும் போய்ச் சேர்வதற்குச் சாம்பல் தாங்கி. கிளம்பும் நாளில் பூங்காவின் கழிவு இறக்கும் இடத்தில் வரிசையில் நின்று, கையுறையைப் போட்டுக்கொண்டு, எனக்குப் பாடம் நடத்தினார். "முதல் கறுப்பைத் திற. அது முழுக்கப் போன பிறகு சாம்பலைத் திற. சவர்க்காரத் தண்ணி வந்து குழாயைக் கழுவிவிடும். மாறிச் செய்தியோ, குழாயை நீதான் கழுவோணும்." அவருக்கு வண்டியில் மிகப் பிடித்த இரண்டு சாமான்களும் அந்த இடத்தில்தான் இருந்தன. ஒன்று, குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள கண்ணாடி போன்ற முழங்கைத் துண்டு. உள்ளே ஓடுவது தெளிந்துவிட்டதா என்று அதில் பார்க்கலாம். மற்றது, கறுப்புத் தாங்கிக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வாய். வெளியே தோட்டக் குழாயைப் பூட்டினால் போதும். தாங்கி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் விளக்குகளை மட்டும் அவர் நம்புவதில்லை. உள்ளே கடதாசி ஒட்டிக்கொண்டால் காலியான தாங்கியும் முக்கால்வாசி என்று காட்டும். அந்த வரிசையில் நின்ற நாலைந்து பேரும் இதே முறைப்பாட்டைத்தான் சொன்னார்கள்.

சரி, கக்கூஸை விட்டு வெளியே வருவோம்.

எங்கள் நாட்டுக்கு என்று கேட்டால், கூரை ஃபேன். கூரையில் சுமார் 35 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு வெட்டிப் பொருத்துவது. நல்லதாக எடுத்தால் காற்றை உள்ளேயும் இழுக்கும், வெளியேயும் தள்ளும், மேலே மூடி இருப்பதால் மழையிலும் ஓடும். வெளியே தள்ளும்படி விட்டு, தலைமாட்டு ஜன்னலை மட்டும் நாலு விரல் திறந்து, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியால் வருகிற காற்று முகத்தில் தடவிக்கொண்டே இருக்கும். ஜன்னலில் நுளம்பு வலை கட்டாயம். இரண்டு பேர் மூடிய வானுக்குள் மூச்சு விட்டால் விடியும்போது கண்ணாடியெல்லாம் வியர்த்துப்போய், தலையணைகூட ஈரமாக இருக்கும். ஃபேன் வந்த பிறகு அது இல்லை. மெதுவாக ஓடும்போது ஒரு அம்பியர்கூட எடுக்காது. ஏசி போட்டால் என்ன என்று கேட்பார்கள். கூரை ஏசி ஒன்று 1,300, 1,500 வாற் என்று இழுக்கும். என் பற்றரி ஒரு மணித்தியாலம் தாங்காது. கரண்ட் கொழுவ இடமுள்ள முகாம்களில் ஏசி நல்லதுதான். கற்பிட்டிக் கடற்கரையில் எந்தப் பிளக்கில் கொழுவுவது?

கற்பிட்டி என்றதும் பந்தல் ஞாபகம் வருகிறது. வானின் பக்கத்தில் சுருட்டி வைத்திருக்கும் துணியை இழுத்து இரண்டு கால் ஊன்றினால், வீட்டுக்குப் பத்தி இறக்கினது மாதிரி ஒரு நிழல். உள்ளே இருக்கும் இடம் இரண்டு பாய் அளவுதான். பந்தலை விரித்தால் ஒரு திண்ணை கிடைத்துவிடும். அத்தானுடையது பொத்தானை அமுக்கினால் விரியும், என்னுடையது கையால் இழுப்பது. பிடித்த வசதிகளில் இது எல்லோருக்கும் முதல் மூன்றுக்குள் வரும், எல்லோருக்கும் இதில் ஒரு அழுகைக் கதையும் இருக்கும். என் கதை இது: இரவு இரண்டு மணிக்கு மழை. நான் இரண்டு காலையும் ஒரே உயரத்தில், பார்க்க அழகாக, ஊன்றியிருந்தேன். துணியின் நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கிப் பானை வயிறு மாதிரித் தொங்கி, படார் என்று ஒரு கை வளைந்து விழுந்தது. ஒரு காலை ஒரு அடி தாழ்த்தி வைத்திருந்தால் தண்ணீர் தானாக வழிந்து ஓடியிருக்கும். இப்போது வானம் நீலமாக இருந்தாலும் ஒரு பக்கம் தாழ்த்தித்தான் வைக்கிறேன். படுக்கப் போகுமுன் காற்றுக் கூடினால் மடக்கிவிடுவேன்.

அடுத்தது கரண்ட். இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடவே பேசுவேன், காரணம் உண்டு. என்னிடம் இருப்பது 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி ஒன்று, கூரையில் 200 வாற் சோலர், 600 வாற் இன்வேர்ட்டர். பழைய ஈயப் பற்றரி என்றால் அந்த 100இல் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் சீக்கிரம் சாகும். லித்தியத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம், நிறையும் ஈயத்தின் பாதிக்கும் குறைவு. விலைதான் வயிற்றைப் பிசையும். வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்தும் ஏறுகிற மாதிரி ஒரு சார்ஜர் வைத்திருக்கிறேன். நம் ஊர் மழைக்காலத்தில் சோலரை மட்டும் நம்பக்கூடாது.

2022ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் இல்லை, வான் ஒழுங்கையில் அசையாமல் நின்றது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள், காலை பத்துக்கும் பின்னேரம் இரண்டுக்கும் நடுவில்தான் கூரையில் வெயில் விழும். அந்த நாலு மணித்தியாலம் போதுமாக இருந்தது. குசினி ஜன்னலால் ஒரு வயரை உள்ளே இழுத்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை ஃபேன், இன்ரநெற் ரவுட்டர், போன்கள். இரண்டாம் நாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போன்களோடு வந்தார்கள். மூன்றாம் நாள் அடுத்த வீட்டு அன்ரி மிக்சியோடு வந்தார். சொன்னேன், தாங்காது என்று. "ஒரு நிமிஷம்தானே தம்பி, சம்பலுக்கு" என்றார். கொழுவிச் சுவிட்சைப் போட்டதும் இன்வேர்ட்டர் கீச்சிட்டுவிட்டு நின்றுவிட்டது. அன்ரி மிக்சியைத் தூக்கிக்கொண்டு அம்மி வைத்திருப்பது யார் வீடு என்று கேட்டுக்கொண்டே போனார். வான் ஒரு அடி நகராமல் நின்ற அந்த மாதங்களில்தான் அதை அதிகமாகப் பாவித்தேன் என்று நினைக்கிறேன்.

சோலரில் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு வேண்டியது நிழல், அதற்கு வேண்டியது வெயில். மரத்தடியில் நிறுத்தினால் நாம் தப்பினோம், பற்றரி பட்டினி. அதனால் மடிக்கிற சோலர் பலகை ஒன்றை நீள வயரோடு வெயிலில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிகிரியாப் பக்கம் அப்படி வைத்தால் குரங்குகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

அத்தானின் ட்ரெய்லரில் சுவரே வெளியே தள்ளும். பொத்தானை அமுக்கினால் சோபாவும் சாப்பாட்டு மேசையும் இருக்கும் பக்கச் சுவர் இரண்டு, மூன்று அடி வெளியே போய், உள்ளே ஒரு ஹோலே பிறந்துவிடும். வட அமெரிக்காவில் இதுதான் பெருமைப் பொருள். ஆனால் வாங்குவதற்கு முன் அதை மூடிய நிலையில் உள்ளே ஏறிப் பாருங்கள் என்பது அக்காவின் அறிவுரை. நடுவழியில் நிறுத்தும்போது கக்கூஸ் கதவும் பிரிட்ஜும் திறக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்களுடைய முதல் ட்ரெய்லரில் இல்லையாம்.

சமமாக நிறுத்துவதும் அங்கே பெரிய விஷயம். காஸில் ஓடும் பிரிட்ஜில் பம்ப் கிடையாது. சூட்டினால் அமோனியா தானாகச் சுற்றிவர வேண்டும், வண்டி சரிந்து நின்றால் சுற்றாது, பாலும் இறைச்சியும் போச்சு. என்னிடம் 12 வோல்ட் கொம்பிரசர் பிரிட்ஜ், அது கொஞ்சம் சரிவைப் பொறுக்கும். நான் சமம் பார்ப்பது தலை கீழே போகாமல் தூங்குவதற்கு மட்டும்தான். இரண்டு பலகைத் துண்டு போதும்.

பின்பக்கக் கமரா பற்றி ஒன்றுதான் சொல்வேன். ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது அக்கா இறங்கி நின்று "வலப்பக்கம், வலப்பக்கம்" என்பார், அத்தான் "யாருடைய வலப்பக்கம்?" என்பார். கமரா பூட்டிய பிறகு இரண்டு பேரும் முகாமில் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

சமையல் வெளியேதான். பின்கதவைத் தூக்கினால் இழுத்தெடுக்கிற தட்டில் அடுப்பு. இடியப்பத்தை வானுக்குள் அவித்துப் பாருங்கள், மூன்று நாளைக்கு மெத்தை உலராது. குளியலறை நான் வைக்கவே இல்லை. கிணறும் குளமும் ஆறும் இருக்கும் நாட்டில் அந்த இடத்தைப் பெட்டிக்கும் பாய்க்கும் கொடுப்பது புத்தி. பின்பக்கம் கால் கழுவ ஒரு சின்னக் குழாய் போதும். கடல் மணலோடு கட்டிலில் ஏறுவதைவிடக் கொடுமை வேறு இல்லை. இழுப்பறைகளுக்கு அமுக்கித் திறக்கிற பூட்டுப் போடுங்கள். நான் முதலில் போடவில்லை, கடுகண்ணாவை வளைவில் பருப்புப் போத்தல் பாய்ந்து வந்தது.

யாருக்கும் பிடிக்காத வசதிகளும் உண்டு. அத்தானின் ட்ரெய்லரில் பொய் நெருப்பு எரிகிற ஒரு ஹீற்றர், பெரிய ரீவி, ஒரு ஓவன். ஓவனுக்குள் தாச்சிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கொழும்பில் வான் ஒன்றைக் கட்டப் போகிறவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சோலரை முதலில் பூட்டினேன், ஃபேன் யோசனை பிறகுதான் வந்தது. பார்த்தால் கூரையில் இடம் இல்லை. சோலர் பலகைகளைக் கழற்றி, பழைய துளைகளை அடைத்து, திரும்பவும் தகர வேலை செய்யும் டிங்கர் பாஸிடம் போனேன். அவர் கூரையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மூன்று தரம் கேட்டார், "சத்தியமா வெட்டவா?" என்று. வெட்டிய ஓரத்துக்கு அன்றைக்கே பெயின்ற் அடிக்கச் சொல்லுங்கள், கடற்காற்றுக்கு ஒரு மாதத்தில் துரு பிடித்துவிடும். அதற்கு மேல்தான் தண்ணீர் கசியாமல் ஒட்டும் பியூட்டைல் டேப், அப்புறம் ஃபேன். சோலர் கடைசி.