நின்றுகொண்டே தின்ற ஓரத்துண்டு

அன்புள்ள அக்கா,

இது ஒரு சின்னக் கேள்விதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதமாக வீட்டில் கேக் செய்து பழகுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா கேக். பேக்கிங் பவுடர் தீர்ந்துபோயிருந்ததால் அதே அளவு ஆப்ப சோடா போட்டேன். பதினைந்து நிமிடத்தில் அழகாக எழும்பியிருந்தது. மகனுக்குக் காட்டலாம் என்று ஓவன் கதவைத் திறந்தேன். கடைசியில் வெளியே எடுத்தபோது நடுவில் குழி விழுந்திருந்தது. லேசாக சோப்பு வாடையும் அடித்தது.

அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். மகன் தட்டோடு அறைக்குள் போனான். மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். "கடையில வாங்கியிருந்தா 300 ரூபாயோட முடிஞ்சிருக்கும்" என்றார். நான் அடுப்படியில் நின்றுகொண்டே ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றுவிட்டு, மீதியை டப்பாவில் போட்டு மூடினேன்.

எங்கே தவறு செய்தேன்? இப்போது இருப்பது நாத்தனார் கொடுத்த பழைய சின்ன ஓவன். புதிதாக ஓடிஜி வாங்கலாமா, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்கலாமா? கேக்கை வீட்டில் செய்வது இவ்வளவு மெனக்கெடத் தகுந்ததுதானா?

சு., ஈரோடு

அன்புள்ள சு.,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆப்ப சோடா, பேக்கிங் பவுடரைவிட மூன்று மடங்காவது வீரியம் கூடியது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதற்கு வேண்டிய புளிப்பும் கொஞ்சம் மாவும் சேர்ந்தே இருக்கும். வெறும் சோடாவுக்குத் தயிரோ எலுமிச்சையோ நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மிச்ச சோடா அப்படியே தங்கி சோப்பு வாடை அடிக்கும். குழி விழுந்ததற்கு அந்த சோடாவும் காரணம், கதவைத் திறந்ததும் காரணம். பதினைந்தாவது நிமிடத்தில் முட்டையும் மாவும் இன்னும் இறுகியிருக்காது. உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும்தான் கேக்கைத் தூக்கிப் பிடித்திருக்கும். வெளிக்காற்று பட்டதும் அது சுருங்கும், கேக் உட்கார்ந்துவிடும். முக்கால் பங்கு நேரம் ஆகும்வரை கதவைத் தொடாதீர்கள். இருக்கிற ஓவன் போதும், ஒன்றும் வாங்காதீர்கள்.

இவ்வளவுதான் என்றால் உங்களுக்குத் தனியாக இரண்டு வரி எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்படியில் நின்றுகொண்டே ஓரத்துண்டைப் பிய்த்துத் தின்றேன் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

போன மாதம் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தேன். காலையில் எல்லாருக்கும் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, கல்லில் ஒட்டிப் பிய்ந்த கடைசித் தோசையைத் தோசைத் திருப்பியிலிருந்தே எடுத்து, பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் நின்று அவள் தின்றாள். தட்டுகூட எடுக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. வேலைக்குப் போகிற பெண், படித்தவள், யாரும் அவளை அப்படிச் சாப்பிடு என்று சொல்லவில்லை. நான் கேட்க நினைத்து, கேட்காமலே ஊருக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம். அவளுக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து உங்களிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது குறளைக் கொண்டுவருவார்கள். "வித்தும் இடல்வேண்டும் கொல்லோ விருந்தோம்பி மிச்சில் மிசைவான் புலம்." விருந்தினரை உண்ணவைத்துவிட்டு மிஞ்சியதை உண்பவனுடைய நிலத்துக்கு விதைகூடப் போட வேண்டுமா என்று வள்ளுவர் கேட்கிறார். எவ்வளவு அழகான கேள்வி! என் மாமனார் வீட்டில் பெண்கள் கடைசியில் சாப்பிடுவதற்கு இதைத்தான் சொல்வார்கள். நானும் பல வருடம் தலையாட்டியிருக்கிறேன். பிறகு ஒருநாள் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். "மிசைவான்" என்று இருக்கிறது. ஆண்பால். மிச்சத்தை உண்பவன் அந்த வீட்டு ஆண், நிலத்துக்கு உரியவன். அவன் மிச்சம் உண்டால் விதைக்காமலே விளையும் என்கிற குறளை, நிலம் ஒரு சென்ட்கூடத் தன் பேரில் இல்லாத பெண்ணின் தலையில் கட்டிவிட்டோம். அதோடு அது விருந்தினரைப் பற்றிய குறள். சு., உங்கள் கணவர் உங்கள் வீட்டுக்கு விருந்தாளியா? உங்கள் மகன் விருந்தாளியா? கூட இருந்து பழகியவர்களை விருந்தாளியாக்கி, அவர்கள் தின்று முடித்த பிறகு மிச்சத்தைத் தின்பதில் என்ன விருந்தோம்பல் இருக்கிறது?

தோசைக்காவது ஒரு நியாயம் சொல்லலாம். ஒருவர் கல்லடியில் நின்றால்தான் இன்னொருவருக்குச் சூடாகக் கிடைக்கும். பூரி, வடை, ஆப்பம் எல்லாம் அப்படித்தான். நம் ஊர்ப் பலகாரங்களில் பாதி, செய்கிறவரை அடுப்பை விட்டு நகரவிடாது. கேக் அப்படி இல்லை. அதனால்தான் எனக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம். டின்னை உள்ளே தள்ளியதும் உங்கள் வேலை முடிந்துவிட்டது. வெளியே எடுத்த பிறகு சூட்டோடு வெட்டவும் கூடாது, வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். ஒரு மணி நேரமாவது ஆறவேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் குளிக்கலாம், டீ போடலாம், எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைக்கலாம், நீங்களும் உட்காரலாம். செய்தவளும் தின்கிறவர்களும் ஒரே நேரத்தில் ஒரே வட்டமாக உட்கார முடிகிற பலகாரம் இது. அதைச் செய்துவிட்டு நீங்கள் அடுப்படியில் நின்றிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, சு.

எங்கள் ஊர் நாசரேத், இப்போதைய தூத்துக்குடி மாவட்டம். அப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை. டிசம்பர் 23ஆம் தேதி ராத்திரி கடையைச் சாத்தியதும் தராசைக் கையோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவார். அம்மா கேக்குக்கு எடைக்கல் வைக்க மாட்டாள். நாட்டுக்கோழி முட்டை ஒன்று போல ஒன்று இருக்காது, ஆகவே அவளுக்கு முட்டைதான் கல். ஒரு தட்டில் பத்து முட்டையை உடைக்காமல் வைப்பாள். மறுதட்டில் முள் நேராக நிற்கிறவரை மைதா. அதைத் தட்டிவிட்டு அதே எடைக்கு வெண்ணெய். அப்புறம் அதே எடைக்குச் சீனி. பத்து முட்டை ஏறக்குறைய 400 கிராம் வரும். இன்றைக்கும் எனக்கு இதைவிட நம்பகமான அளவு தெரியாது. உங்களுக்கு நாட்டு முட்டை கிடைத்தாலும் சரி, பண்ணை முட்டை கிடைத்தாலும் சரி, முட்டையின் எடைக்கு மற்றதெல்லாம். செய்து பாருங்கள்.

ஓவன் எது? பெரிய அலுமினியச் சட்டியில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் கேக் டின், மேலே தட்டு, தட்டின்மேல் சிரட்டைத் தணல். கீழேயும் தணல்தான். அம்மா புதிதாகக் கிழித்த தென்னை ஈர்க்கு ஒன்றைக் கழுவி வைத்திருப்பாள். அதை நடுவில் குத்தி எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். மாவு ஒட்டியிருந்தால் தணலைக் கொஞ்சம் ஊதிவிடுவாள். மேலே தணல் இருப்பதால் ஓரமும் மேல்பக்கமும் எப்போதும் ஒரு சுற்றுக் கூடவே சிவந்து, கருக்கல் வாசம் அடிக்கும்.

மறுநாள் ஆறின கேக்கை வெட்டி, நடுத்துண்டெல்லாம் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குத் தட்டில் போகும். பக்கத்தில் முறுக்கும் முந்திரிக்கொத்தும். அதற்கு அடுத்தது அப்பாவுக்கும் எங்களுக்கும். அம்மா டின்னில் ஒட்டியிருந்த ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, கைவேலையாகவே வாயில் போட்டுக்கொள்வாள்.

1974இல் கொழும்பிலிருந்து அத்தை வந்திருந்தாள். மாமாவுக்கு அங்கே புறக்கோட்டையில் கடை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். வரும்போது கலர் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிய கேக் துண்டுகள் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். அங்கே கிறிஸ்துமஸ் கேக்கில் மைதாவுக்குப் பதில் ரவை போடுவார்கள், முந்திரிப்பருப்பும் நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் இட்டுச் செய்த மிட்டாயும் ஏராளமாக இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ருசியைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது, விட்டுவிடுகிறேன்.

அந்த வருடம் அம்மா கேக்கை வெட்ட அத்தையிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாங்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அத்தை கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "மதினி வரட்டும்" என்றாள்.

"நீங்க தின்னுங்க, எனக்கு வேல கெடக்கு" என்று உள்ளேயிருந்து குரல்.

"நீங்க வந்து உக்காராம நான் கத்தியத் தொடமாட்டேன்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. எங்கள் கண்ணெல்லாம் கேக்கிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாயின் ஓரத்தில், ஒரு முழங்காலை நிமிர்த்தி வைத்து, எந்த நேரமும் எழுந்துவிடுகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். அத்தை நட்டநடுவில் கத்தியை இறக்கி, முதல் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

அம்மா மென்றாள். நாங்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிவிட்டு அப்பாவைப் பார்த்து, "சீனி கூடிப்போச்சே" என்றாள். "வருசா வருசம் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா, கொஞ்சம் தித்திப்புதான்."

"ஏன் சொல்லல?"

அப்பா பதில் சொல்லவில்லை.

கல்யாணமான வருடத்திலிருந்து தெருவுக்கே கேக் சுட்டுக் கொடுத்தவள் நடுத்துண்டைத் தின்றதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தணலில் சிவந்த அந்த ஓரம் மட்டும்தான். அதில் சீனி கருகிக் கசப்பு ஏறியிருக்கும், தித்திப்பு தெரியாது. தன் கேக் எப்படி இருக்கும் என்று தெருவுக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது.

உங்களுக்கும் உங்கள் கேக்கைத் தெரியாது, சு. ஓரத்தைத் தின்றுவிட்டு எங்கே தவறு என்று எனக்கு எழுதுகிறீர்கள். நடுவில் குழி விழுந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி, தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்றிருந்தால் உங்கள் நாக்கே பாதி சொல்லியிருக்கும்.

உங்கள் வீட்டு ஆண்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்தான், ஆனால் கடிதம் எழுதியது அவர்கள் இல்லை. அடுத்த முறை வெட்டிவைத்துவிட்டுக் கூப்பிடாதீர்கள். முழு கேக்கைக் கூடத்தில் வைத்து, கத்தியோடு நீங்கள் முதலில் உட்காருங்கள். கிரிக்கெட் முடியட்டும், மகன் வரட்டும். கேக் ஆறிக்கொண்டுதான் இருக்கும், கெட்டுப்போகாது.

உங்கள் மாமியார் 300 ரூபாய்க் கணக்கு சொன்னதில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அன்றைக்கு வீடு முழுக்க வாசம் அடித்திருக்கும், அதில் பங்கு இல்லாதவர் அவர் ஒருவர்தான். அவருக்கென்று முட்டையில்லாமல் செய்யுங்கள். ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் கெட்டித் தயிர். உங்கள் ஆப்ப சோடாவுக்கு வேலை இருப்பது அங்கேதான், ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன், அதற்குமேல் போகாதீர்கள். கலந்ததும் தாமதிக்காமல் ஓவனுக்குள் வைத்துவிடுங்கள். வெட்டுகிற கத்தியை அவர் கையில் கொடுங்கள்.

எடை கூடுமா, வெள்ளைச் சர்க்கரை கெடுதலா என்றெல்லாம் இதைப் படிப்பவர்களில் சிலர் எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு கேக் யாரையும் ஒன்றும் செய்யாது. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

அடுத்த டிசம்பரில் அத்தை வரவில்லை. அப்பா வழக்கம்போலத் தராசைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா பத்து முட்டையைத் தட்டில் வைத்து மைதாவை நிறுத்தாள், வெண்ணெயை நிறுத்தாள். சீனி டப்பாவைத் திறந்தவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தட்டிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து, "இதக் கொஞ்சம் பிடி" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, மிச்ச எட்டு முட்டைக்குச் சீனியை நிறுத்தாள். முள் நேராக நிற்கிறவரை நான் அந்த இரண்டையும் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அன்புடன்,
அக்கா