அஞ்சு சிஸ்டர்ஸ், ஒரே டியூஷன் மாஸ்டர்: குவின்டசென்ஷியல் குவின்டப்லட்ஸ் கேள்வி பதில்

ஹாரெம் ரொமான்டிக் காமெடி பத்தி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இந்த ஒரு ஜப்பான் அனிமே சீரிஸ் பத்திதான் இருந்துச்சு, அதனால இந்த தடவ இது மட்டும். கல்யாணப் பொண்ணு யாருன்னு ஒரு இடத்துல சொல்லுவேன், அதுக்கு முன்னாடி எச்சரிக்கை இருக்கும்.

கே: அண்ணா, ஹாரெம்னாலே ஒரு பையன சுத்தி அஞ்சாறு பொண்ணுங்க, கடைசி வரைக்கும் அவன் யாரையும் சொல்ல மாட்டான். இதுவும் அப்டித்தானா?

ப: இல்லப்பா, இது தனி ரகம். முதல் எபிசோடே கல்யாண நாள்ல ஆரம்பிக்குது. மாப்பிள்ளை ஃபூதாரோ, பொண்ணு அஞ்சு பேர்ல ஒருத்தி, ஆனா அஞ்சும் ஒரே பிரசவத்துல பிறந்து ஒரே முகஜாடையா இருக்கறதால யாருன்னு நமக்குத் தெரியாது. அப்புறம் கதை ஸ்கூல் நாளுக்குப் போயிடும். முடிவு உண்டுன்னு முதல்லயே வாக்கு குடுத்துட்டதால நாம ஒவ்வொரு சீனையும் துப்பறியற மாதிரி பாக்க ஆரம்பிச்சிடுவோம், இந்த சீரிஸோட பெரிய பலமே இதுதான். இதோட பெரிய பலவீனமும் இதுலேர்ந்துதான் வருது, அத கீழ சொல்றேன்.

கே: ஹீரோ எப்படி? எனக்கு எதுக்கெடுத்தாலும் வெக்கப்பட்டு மூக்குல ரத்தம் வர்ற ஹீரோ சுத்தமா பிடிக்காது.

ப: ஃபூதாரோ அப்படிக் கிடையாது. ஸ்கூல் கேன்டீன்ல அவன் எப்பவும் வாங்கறது யாகினிகு (சுட்ட இறைச்சி) செட், ஆனா அதுல யாகினிகு வேணாம்னு சொல்லித்தான் வாங்குவான். 200 யென்னுக்கு சோறு, கூடவே மிசோ சூப்பும் ஊறுகாயும் வந்துடும், வெறும் சோறு வாங்கறத விட லாபம். வீட்ல கடன், தங்கச்சி ரைஹா, இவன் படிப்புல முதல் மார்க். சம்பளம் அஞ்சு மடங்குன்னு டியூஷன் வேலைக்குப் போனா அங்க இந்த அஞ்சு பேரும். அவன் வைக்கற முதல் டெஸ்ட்ல அஞ்சு பேரும் சேர்ந்து எடுத்தது 100 மார்க், ஒவ்வொருத்தரும் நூத்துக்கு எழுதி மொத்தமா 100. ஆனா பேப்பர உத்துப் பாத்தா ஒருத்தி சரியா போட்ட கேள்விய இன்னொருத்தி போடல, ஒவ்வொருத்திக்கும் ஒரு சப்ஜெக்ட் வருது. அவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்தாலே பாஸ் பண்ணிடலாம்ங்கற மொத்தக் கதையோட விதையும் அந்த பேப்பர்ல இருக்கு. ஒரு காமெடி சீன்ல இவ்ளோ விஷயத்த வச்ச, இதோட மூல மங்காவ (ஜப்பான் காமிக்ஸ்) எழுதின நேகி ஹருபா மேல எனக்கு தனி மரியாதை.

கே: காமெடி ஓகே, ரொமான்ஸ் நல்லா இருக்கா ப்ரோ?

ப: ரொம்பவே நல்லா இருக்கு, காரணம் பொண்ணுங்க காத்துக்கிட்டு உக்காரல, அவங்களே எறங்கி செய்யறாங்க. நினோவ எடுத்துக்கங்க, முதல் எபிசோட்ல ஃபூதாரோ குடிக்கற தண்ணில தூக்க மருந்து கலந்து குடுத்த பொண்ணு, ரெண்டாவது சீசன்ல அவனோட பைக்ல பின்னாடி உக்காந்துட்டு பிடிச்சிருக்குன்னு சொல்லுவா, காத்து சத்தத்துல அவனுக்குக் கேக்கல. பத்து வருஷமா ஹாரெம் பாத்தவங்களுக்கு இந்த இடம் அத்துப்படி, கேக்காம போச்சுன்னு விட்டுருவாங்கன்னு நெனப்போம். நினோ விடல, அப்புறம் அவன் முகத்துக்கு நேரா திரும்பவும் சொல்லுவா. அதே மாதிரி இன்னொரு சிஸ்டர் மிக்குவுக்கு செங்கோகு கால (ஜப்பான்ல உள்நாட்டுப் போர் நடந்த காலம்) தளபதிங்கன்னா உயிர், அத வெளிய சொல்ல வெக்கம். ஃபூதாரோ லைப்ரரில உக்காந்து அந்த சரித்திரத்த படிச்சிட்டு வந்து, ஸ்கூல் பூரா ஓடிக்கிட்டே தளபதி பேர் வச்சு அந்தாக்ஷரி மாதிரி ரெண்டு பேரும் ஆடுவாங்க. ஒரு பொண்ணுக்குப் பிடிச்சத தானும் கத்துக்கிட்டு வர்ற ஹீரோ, அந்த ஒரு எபிசோடுக்காகவே இத பாக்கலாம்.

கே: அப்ப குறையே இல்லையா? எனக்கு முடிவு கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு. (இனிமே ஸ்பாய்லர், பாக்காதவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுங்க)

ப: குறை இருக்கு, அதுவும் முக்கியமான இடத்துல. கல்யாணப் பொண்ணு யோட்சுபா. அவளத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவுதான், சின்ன வயசுல கியோட்டோல அவன சந்திச்சு நல்லா படிக்கறதா வாக்கு குடுத்தது அவதான், பழைய ஸ்கூல்ல அவ ஃபெயிலானதால மத்த நாலு பேரும் அவகூட ஸ்கூல் மாறினாங்க, அந்த குற்ற உணர்ச்சில தன் ஆசைய அடக்கிட்டு அக்கா தங்கச்சிக்கு விட்டுக்குடுத்துக்கிட்டே இருக்கா. திரும்பப் பாக்கும்போது அவ சிரிக்கற ஒவ்வொரு எடமும் வேற மாதிரி தெரியும். ஆனா முதல் தடவ பாக்கறவங்களுக்கு? பதில ஒளிச்சு வைக்கணும்னு அவ மனச ரொம்ப நாள் மூடியே வச்சுட்டாங்க. நினோவும் மிக்குவும் எபிசோட் எபிசோடா நம்மகிட்ட நெருங்கி வர்றாங்க, யோட்சுபாவுக்கு அந்த நேரமே கெடைக்கல, அதனால ஜெயிச்சவள விட தோத்தவங்களத்தான் நமக்கு நல்லாத் தெரியுது. ஃபூதாரோ எப்ப, ஏன் அவள விரும்ப ஆரம்பிச்சான்னும் போதுமான அளவு காட்டல. ரகசியத்துக்காக காதல் சீன்கள பலி குடுத்தாங்கங்கறது என் தீர்ப்பு. கல்யாணத்தன்னிக்கு அஞ்சு பேரும் மணப்பெண் டிரஸ்ல நின்னு யாரு யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லும்போது ஒவ்வொருத்தியையும் அவன் சரியா சொல்ற சீன் மட்டும் எனக்கு முழு திருப்தி.

கே: கியோட்டோ டூர்ல இச்சிகா செஞ்சது கேவலம் இல்லயா? மிக்கு மாதிரி வேஷம் போட்டு ஏமாத்துனாளே.

ப: தப்புதான், ஆனா எழுத்துல அது குறை இல்ல. மூத்தவன்னு எப்பவும் விட்டுக்குடுத்தவ ஒரு தடவ சுயநலமா நடந்துக்கறா, அதுக்கப்புறம் வெக்கப்பட்டு அழறா. ஒரே முகம்ங்கறத காமெடிக்கு மட்டும் வச்சுக்காம வலிக்கும் பயன்படுத்தினதால அந்த பகுதி எனக்குப் பிடிக்கும்.

கே: அனிமேஷன் எப்படி?

ப: முதல் சீசன் (2019, தேசுகா ப்ரொடக்ஷன்ஸ்) சுமார், கடைசி எபிசோடுகள்ல முகமே கோணலா வரும். அஞ்சு பேரையும் ஹெட்ஃபோன், பச்ச ரிப்பன், பட்டாம்பூச்சி மாதிரி ரிப்பன், நட்சத்திர கிளிப்னு பாத்துத்தான் பிரிச்சு அறியணும், அதுல முகம் வேற சொதப்பினா எப்படி? ரெண்டாவது சீசன் (2021) பிபரி ஸ்டூடியோ, படம் அழகு, ஆனா மங்கால இருந்து நெறைய பகுதிய வெட்டிட்டு வேகமா ஓட்டிட்டாங்க. வாய்ஸ் மட்டும் ரெண்டு சீசன்லயும் பிரமாதம், ஹனசவா கானா, தாகெதாட்சு அயானா, இதோ மிக்கு, சகுரா அயானே, மினாசே இனோரி, கண்ண மூடிட்டு கேட்டாலும் யாரு பேசறாங்கன்னு தெரியும்.

கே: அக்கா தங்கச்சியோட உக்காந்து பாக்கலாமா?

ப: மத்த ஹாரெம் அளவுக்கு இல்ல, ஆனா வெந்நீர் ஊற்று, டவல் சீன்லாம் உண்டு. தனியா பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கே: எந்த வரிசைல பாக்கணும் சார்?

ப: ரெண்டு சீசன், அதுக்கப்புறம் 2022 படம், அதுலதான் கதை முடியுது. ரெண்டாவது சீசன்ல விட்டுப்போன சிலத 2023ல ஷாஃப்ட் ஸ்டூடியோ எடுத்த ஸ்பெஷல்ல பாக்கலாம், 2024ல ஹனிமூன் ஸ்பெஷலும் வந்துச்சு, அது படத்துக்குப் பின்னாடி. நேரம் இருந்தா மங்காவையும் படிங்க, 14 வால்யூம்தான், யோட்சுபா விஷயத்துல அனிமேவ விட அதுல மூச்சு விட எடம் இருக்கு.