பட்டறைப் பக்கம்: இன்ஜினைப் பிரிக்கும் முன்

நாமக்கல்லில் லாரி இன்ஜின் பட்டறை வைத்திருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் பழைய வண்டிகளின் இன்ஜின் கோளாறுகள்தான்.

கேள்வி: 2010 மாடல் டாடா 407 ஒன்றைக் கைமாற்றி வாங்கினேன். நீலமாகப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் பார்த்ததுமே "இன்ஜின் வேலைதான், விட்டுட்டுப் போங்க" என்கிறார். காய்கறி லோடு அடித்துத்தான் தவணை கட்டுகிறேன் ஐயா. வேறு வழி உண்டா?
ராசிபுரம் வாசகர்

பதில்: தம்பி, வண்டியை விட்டுவிட்டு வராமல் எழுதிக் கேட்டீர்களே, நல்லது. புகையை மட்டும் பார்த்து இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் ஆயில் உள்ளே போக ஒரே வழிதான் என்றில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், அது உரசும் சிலிண்டர் சுவரான லைனரும் தேய்ந்து கீழிருந்து ஏறலாம். வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் வால்வு சீல் கெட்டு மேலிருந்து இறங்கலாம். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டி என்றால் அதன் சீல் வழியாகவும் வரலாம். மூன்றுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டால் வால்வு சீலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லோடோடு மேடு ஏறும்போது விடாமல் வந்தால் ரிங் பக்கம் பார்வை போக வேண்டும். டர்போ இருந்தால் இன்ஜின் ஆறிய பிறகு ஏர் கிளீனரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, உள்ளே தெரியும் ஷாஃப்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போதான் கோளாறு.

அடுத்தது மூடிச் சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாய் மேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக நடுங்கி அங்கேயே நின்றால் பயம் வேண்டாம். குதித்துக் கீழே விழுந்து, வாய் வழியே புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது எரிந்த புகை ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்போதும் உடனே முடிவுக்கு வராதீர்கள். இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைத் தள்ளும். அதைக் கழற்றி டீசலில் கழுவி, மாட்டி, மறுபடி பாருங்கள்.

அப்புறம், குறைகிற ஆயில் எல்லாம் எரிகிறது என்று நினைக்க வேண்டாம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சொட்டியிருந்தால் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கலாம். கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டோடு போனால் எந்த மெக்கானிக்கும் உங்களிடம் நின்று பேசுவார்.

எல்லாம் பார்த்த பிறகும் ரிங்தான் என்று உறுதியானால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு வேலையைக் கொடுங்கள். உங்கள் வண்டியில் உள்ள 497 இன்ஜினுக்கு ஸ்பேர் கிடைக்காத ஊரே இல்லை. அந்தப் பெயரே 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்பதுதான். ஆனால் தேய்ந்த லைனருக்குள் புது ரிங்கை மட்டும் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புது ரிங் அந்தச் சுவரில் உட்காராது. கொஞ்ச நாளில் அதே புகை, இரண்டாவது முறை கூலி.

கேள்வி: அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றும் ஆறு சக்கர வண்டி. தொப்பூர் மேடு ஏறும்போது ஹீட் முள் சிவப்புக்குப் போகிறது. சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துவிட்டால் சரியாகும் என்றார்கள். எடுத்தும் ஹீட் ஆகிறது. இறங்கும்போது நியூட்ரல் போட்டு ஆற வைக்கிறேன்.
தர்மபுரி வாசகர்

பதில்: கடைசி வரியைப் படித்ததும் மனம் பதறிவிட்டது தம்பி. தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடவே போடாதீர்கள். அந்தச் சாலையில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். லோடு வண்டியை வெறும் பிரேக்கில் இறக்கினால் டிரம் காய்ந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சம் என்பதும் தப்புக் கணக்கு. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இல்லாவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும்.

இனி ஹீட். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். பல இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் வழியாகச் சுற்றி வரும். ஹீட் குறையாது, கூடவும் செய்யும். எடுத்த வால்வு கையில் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். எத்தனை டிகிரியில் திறக்கும் என்று வால்விலேயே குத்தியிருக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீர்தான் பெரிய எதிரி. ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் லைனரைச் சுற்றியும் வெள்ளையாக உப்புப் படிந்து நிற்கும், சூடு வெளியே போக வழியிருக்காது. ரேடியேட்டரைக் கழற்றி சுத்தம் செய்து, கூலண்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். ஃபேன் பெல்ட் இழுவையையும், ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். உங்கள் லோடு சிமெண்ட் என்பதால் ரேடியேட்டரின் முகத்தில் தூசி பூசியிருக்கும். உள்பக்கமிருந்து வெளியே காற்றடித்து எடுக்க வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால், இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. சூட்டில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

கேள்வி: உப்பு ஏற்றும் பழைய லாரி. இரவு நிறுத்தினால் காலையில் டீசலைக் கையால் இழுக்கும் ஹேண்ட் பம்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. டீசல் எங்கேயும் ஒழுகவில்லை.
தூத்துக்குடி வாசகர்

பதில்: ஒழுகாததுதான் உங்களைக் குழப்புகிறது. டாங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை இன்ஜின் டீசலை உறிஞ்சுகிறது. அந்தப் பகுதியில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராமலே இருக்கலாம். பம்பைக் கழற்றி சர்வீஸுக்குத் தூக்க வேண்டாம். டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் ஒரு அடி தெளிவான டீசல் ஹோஸ் மாட்டி ஓட விடுங்கள். குமிழி ஓடினால் அதற்கு முன்னால்தான் கோளாறு: செம்பு வாஷர், ஹோஸ் கிளிப், டாங்குக்குள் இறங்கும் குழாய். உப்புக் காற்றில் இந்தக் குழாய் கண்ணுக்குத் தெரியாமல் அரித்திருக்கும், மேலே உள்ள பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். குமிழியே வராவிட்டால் ஃபீட் பம்பின் வால்வு டீசலைப் பிடித்து வைக்காமல் திரும்ப விடுகிறது. செம்பு வாஷரைக் கழற்றினால் பழையதைத் திருப்பிப் போடாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய லாரியை டிரைவர் வைத்து ஓட்டுகிறேன். இன்னொரு பழைய வண்டி விலைக்கு வருகிறது. இன்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும்?
திருச்செங்கோடு வாசகி

பதில்: அம்மணி, முன்கூட்டியே சொல்லாமல் விடியற்காலையில் போங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி எழுந்திருக்கிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது, அதனால் இன்னொரு நாள் போங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பேரமே பேச வேண்டாம். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்று டீசல் வாடை அடித்தால் அதில் டீசல் கலந்திருக்கிறது, அப்போதும் ஒத்திப்போடுங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் இன்ஜினில் சாதாரணம். லோடோடு ஒரு மேடு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் கேபினில் உட்காருங்கள். உங்கள் டிரைவரை அழைத்துப் போவது நல்லது. விற்கிறவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.