அந்த ரெண்டு நிமிஷம்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. பள்ளி விட்டு வந்தால் போன்தான். பிடுங்கினால் அழுகை, விட்டால் தூங்கும்வரை அதே கதை. நானும் கணவரும் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் போன் பார்ப்போம். அப்போது எப்போதாவது ஏதோ பேச வருவாள், ரெண்டு நிமிஷத்தில் எழுந்து போய்விடுவாள். இவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் தரலாம்?

- ஒரு வாசகி

பதில்: மணிக்கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அளவு சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை உட்கார்ந்து திரை பார்ப்பது வேண்டாம், அப்புறம் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த வழிகாட்டுதலில், குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களே தவிர, இத்தனை மணி என்று எண் எதுவும் இல்லை. நானும் எண் சொல்லப் போவதில்லை.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. பேச வருகிறாள், ரெண்டு நிமிஷத்தில் போய்விடுகிறாள் என்கிறீர்கள். அந்த ரெண்டு நிமிஷமும் உங்கள் கண் எங்கே இருந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள், பட்டவன் கேட்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் மகன் ஒரு படம் வரைந்து எடுத்து வந்து, பக்கத்தில் நின்று அதைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் போனைப் பார்த்தபடி ‘ம்... ம்...’ என்றேன். சட்டென்று நிறுத்திவிட்டு, “நான் என்ன சொன்னேன், சொல்லுங்கப்பா” என்றான். என்னால் சொல்ல முடியவில்லை. அவன் கோபப்படவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1978-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கைக்குழந்தையோடு கொஞ்சிப் பேசும் தாய், சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தை அம்மாவைத் தன் பக்கம் இழுக்கத் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஒன்றும் நடக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடுகிறது. அப்போது செல்போன் இல்லை. ஆனால் போன் பார்க்கும் நம் முகத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேசக்கூடத் தெரியாத குழந்தைக்கே அது புரிகிறது என்றால், பத்து வயதுக்குப் புரியாதா?

இன்னொன்று. முன்பெல்லாம் நாம் செய்தித்தாள் படித்தால், கணக்கு எழுதினால், என்ன செய்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும். எப்போது முடியும் என்றும் ஏறக்குறைய தெரியும். போனில் அலுவலக மெயிலும் ரீல்ஸும் ஒரே மாதிரிதான் தெரிகிறது, குனிந்த தலை. தனக்குப் போட்டி எது என்றே அவளுக்குத் தெரியாது. அதனால் அவசர வேலை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “ஆபீஸ் மெயில் ஒன்று, அஞ்சு நிமிஷம், முடித்துவிட்டு வருகிறேன்.” சொன்னால் அஞ்சாவது நிமிஷம் போக வேண்டும்.

இதெல்லாம் மன உறுதியால் மட்டும் ஆகிற காரியமில்லை என்பதும் உண்மை. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தள்ளத் தள்ள முடிவே வராத திரையை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். நிறுத்தும் இடத்தை அது காட்டாது, நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி மூன்று போன்களும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். மூன்று என்றேன், அவளுடையது மட்டும் அல்ல. எழுப்பிவிட ஓர் அலாரக் கடிகாரம் போதும்.

அவளுடைய போன் நேரத்தைப் பற்றி ஒரு மாதம் கழித்து மூவருமாக உட்கார்ந்து பேசலாம். அதுவரை, அவள் பேச வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். கணவரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.