மறுவாழ்வு மையத்தில் சேர்ந்த மூன்றாம் நாள், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளில் 19 வந்திருக்கிறது. இது மனச்சோர்வா, ஹெராயின் நிறுத்தியதால் வந்ததா? உடனே மாத்திரை தொடங்கலாமா?

மூன்றாம் நாள் 19ஐ மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. அதற்காக அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடவும் கூடாது. அதில் ஒரு கேள்விக்கான பதிலை இன்றே பார்த்தாக வேண்டும். மற்ற எட்டையும் கடைசியாக எப்போது, என்ன எடுத்தார் என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தாள் கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி. மூன்றாம் நாள் நிரப்பினால், அந்த 14 நாட்களில் பெரும்பகுதி அவர் ஹெராயின் எடுத்துக்கொண்டிருந்த நாட்கள், மிச்சம் வித்ட்ராயலின், அதாவது போதையை நிறுத்தியதும் உடம்பு படும் அவதியின், மிக மோசமான நாட்கள். ஹெராயின் வித்ட்ராயல் கடைசி டோஸிலிருந்து 8 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கும், 36 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களில் அடங்கும். அதற்குப் பிறகு 14 நாட்கள் கழிந்தால்தான் இரண்டும் கலக்காத ஒரு இரண்டு வாரம் கிடைக்கும். அதாவது சேர்ந்து ஏறக்குறைய 24ஆம் நாள். ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்தான மெதடோனை நிறுத்தியவருக்கு வித்ட்ராயல் தாமதமாகத் தொடங்கி வாரக்கணக்கில் இழுக்கும், கணக்கு இன்னும் தள்ளிப்போகும். கொக்கைன், மெத்தாம்ஃபெட்டமின் விட்டவர்கள் முதல் சில நாட்கள் தூங்கித் தூங்கி எழுவார்கள், பசி அகோரமாக இருக்கும், மனசு பாதாளத்தில் கிடக்கும். அதில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வாரங்களில் தெளியும். ஆனால் எதிலும் சுவை இல்லாத நிலை மெத்தாம்ஃபெட்டமின் எடுத்தவர்களுக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கலாம்.

அடுத்து, 19 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. தூக்கம், அசதி, பசி, கவனம், உடல் மந்தமாவது அல்லது பரபரப்பாவது என்று ஐந்து கேள்விகள் உடம்பு சார்ந்தவை. இந்த ஐந்தும் வித்ட்ராயலிலேயே முழுசாக வரும். மனம் கொஞ்சமும் கலங்காத ஒருவர் இவற்றிலேயே 15 வாங்கிவிடலாம். தாளின் கணக்குப்படி 15 என்றால் ஓரளவு கடுமையான மனச்சோர்வு! மிச்சம் நான்கு: ஆர்வமின்மை, மனம் சோர்ந்து நம்பிக்கை இழப்பது, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், சாவைப் பற்றிய அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம். 15 கூட்டல் 4 என்று வந்த 19க்கும், 9 கூட்டல் 10 என்று வந்த 19க்கும் நிறைய வித்தியாசம். மொத்தத்தை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பது மிகப் பரவலான தவறு. ஒன்பது எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இதற்காக உடம்பு சார்ந்த கேள்விகளை நீக்கிவிடவோ, மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளும் 10 என்ற எல்லையை 15க்கு உயர்த்தவோ வேண்டாம். அப்படிச் செய்தால் உண்மையான நோயாளிகள் நழுவிவிடுவார்கள். 10ஐயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அளப்பது மேல். நேரம் குறைவான இடத்தில் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, 6க்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுத்தாளுக்குப் போகலாம். ஆனால் அந்த இரண்டில் தற்கொலைக் கேள்வி கிடையாது. அதைத் தனியாகச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அந்த ஒன்பதாவது கேள்வி காத்திருக்காது. 0 அல்லாத எந்தப் பதில் வந்தாலும், அது 1 ஆகவே இருந்தாலும், அதே நாள், அதே அறையில் பேச வேண்டும். 'இது வித்ட்ராயல், போய்விடும்' என்பது இங்கே பதில் ஆகாது. எண்ணம் நாலு நாளில் போய்விடலாம், ஆனால் அந்த நாலு நாளில்தான் ஆபத்து. எண்ணம் மட்டுமா, வழி யோசித்திருக்கிறாரா, கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, முன்பு முயன்றிருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. போதை எடுத்தவர்களிடம் இன்னொரு கேள்வியும் தேவை: 'ஓவர்டோஸ் ஆன அன்றைக்கு, எழுந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியதா?' விபத்துக்கும் தற்கொலைக்கும் நடுவில் ஒரு பெரிய மங்கலான பகுதி இருக்கிறது, வேறு எந்தக் கேள்வியும் அங்கே போகாது. சில நாட்கள் நிறுத்தியிருந்தாலே உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும், பழைய அளவே உயிரை எடுக்கும். இதை அவரிடமும், அவர் சம்மதித்தால் வீட்டாரிடமும் சொல்லுங்கள். ஹெராயின் ஓவர்டோஸை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் கிடைக்குமானால் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கேட்கும் விதத்திலும் நிறையக் கெட்டுப்போகிறது. வீட்டார் பக்கத்தில் நின்றால் பதில் மாறும். மெதடோன் அளவைத் தீர்மானிப்பவரே கேட்டால், 'சோகம் என்று சொன்னால் வீட்டுக்குக் கொடுக்கும் டோஸை நிறுத்திவிடுவார்களோ' என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் 0 வரும். அளவு இதனால் குறையாது என்று முதலிலேயே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வதைவிட வாசித்துக் கேட்பது நல்லது. 'சில நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்' என்ற சொற்களில் பலர் குழம்புவார்கள், எண்ணாக மாற்றிக் கேளுங்கள்: 14 நாளில் எத்தனை நாள்? 0 அல்லது 1 என்றால் 0, 2 முதல் 6 வரை 1, 7 முதல் 11 வரை 2, 12 முதல் 14 வரை 3. 'மன அழுத்தம் இருக்கா?' என்று ஆரம்பிக்காதீர்கள். கடன், சண்டை, டென்ஷன் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். 'எதிலுமே மனசு ஒட்டலையா?' என்றால் புரியும். மெதடோன் குடித்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இருக்கும் மனநிலையும் அடுத்த டோஸுக்கு முந்தைய மனநிலையும் ஒன்றல்ல, அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் கேளுங்கள்.

சோர்வு போதையால் வந்ததா, தனி நோயாக இருப்பதா என்பதற்கு ஒரு தாளில் காலக்கோடு போடுங்கள். எந்த வயதில் தொடங்கினார், எப்போது தினசரி ஆனது, ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்த காலங்கள் எவை என்று குறியுங்கள். சிறை, ஆஸ்பத்திரி, கர்ப்பம் போன்றவற்றை நினைவூட்டினால் அவர்களாகவே சொல்வார்கள். அதே கோட்டில் மனம் சோர்ந்திருந்த காலங்களையும் குறியுங்கள். தொடங்குவதற்கு முன்பே சோர்வு இருந்தாலோ, விட்டிருந்த காலத்திலும் நீடித்தாலோ, அது தனி நோயாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 சொல்வதும் இதுதான்: வித்ட்ராயல் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் நீடிப்பது தனி மனச்சோர்வைக் காட்டும். ஆய்வாளர்கள் பிரவுனும் ஷக்கிட்டும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மதுவை நிறுத்தச் சேர்ந்த ஆண்களில் 42 சதவீதம் பேருக்குச் சேர்ந்தபோது கடுமையான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. நான்காம் வாரத்தில் அது 6 சதவீதமாகிவிட்டது, மனச்சோர்வு மருந்து ஏதும் கொடுக்காமலே.

ஆனால் அந்த ஒரு மாதம், நோய்க்குப் பெயர் வைப்பதற்கான கணக்கு. 'முதலில் போதையை விடு, அப்புறம் உன் சோகத்தைப் பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்புவதற்கான அனுமதி அல்ல. விட முடியாதவர்களும் இருக்கிறார்கள், விட முடியாமல் இருப்பதற்கே சோர்வுதான் காரணமானவர்களும் இருக்கிறார்கள். பேச்சுச் சிகிச்சைக்கும், அன்றாட நடவடிக்கைகளை மெல்லத் திரும்பக் கொண்டுவருவதற்கும் எந்த நாளும் சரியான நாள்தான்.

மாத்திரைக்குப் போகுமுன் மருத்துவர் பார்க்க வேண்டியவை சில. போதை எடுக்காத நாட்களிலும் தூக்கமே இல்லாமல் உற்சாகமாகத் திரிந்த காலம் உண்டா? இருந்தால் இருதுருவக் கோளாறாக இருக்கலாம், அங்கே தனியாக மனச்சோர்வு மருந்து கொடுப்பது ஆபத்து. தைராய்டு, ரத்தசோகை, எச்ஐவி, ஹெபடைடிஸ் சி தங்கள் பங்குக்கு அசதியைக் கொடுக்கும். ஓபியாய்டு (ஹெராயின், மெதடோன் வகை) நீண்ட நாள் எடுத்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கலாம். மெதடோன் அளவே போதாமல் தினமும் மாலையில் சுணங்குகிறவரும் இதே மதிப்பெண்தான் வாங்குவார், அவருக்குத் தேவை டோஸ் திருத்தம். மெதடோனோடு சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்துகள் சேர்ந்தால் இதயத் துடிப்பில் கோளாறு வரலாம், இசிஜி வேண்டும். ஃப்ளூவோக்ஸமின் என்ற மனச்சோர்வு மருந்து ரத்தத்தில் மெதடோன் அளவை ஏற்றிவிடும். அமிட்ரிப்டிலின் வகை மனச்சோர்வு மருந்துகள் ஓவர்டோஸில் மிகக் கொடியவை. தூக்கத்துக்கென்று பென்சோடயாசெபைன் கொடுத்தால் ஓபியாய்டோடு சேர்ந்து மூச்சை அடக்கும்.

உங்கள் 19க்கு வருவோம். இன்று ஒன்பதாவது கேள்வியைப் பேசி முடியுங்கள், ஒன்பது எண்களையும் பிரித்து எழுதுங்கள், கோட்டைப் போடுங்கள். 10ஆம் நாள் ஒருமுறை, 24ஆம் நாள் ஒருமுறை, அதே நேரத்தில் கேளுங்கள். 5 புள்ளிகளுக்கு மேல் இறங்கிக்கொண்டே வந்தால் மாத்திரை இல்லாமல் தொடரலாம். கோட்டில் பழைய சோர்வு தெரிந்தாலோ, உடம்பு தேறிய பிறகும் முதல் இரண்டு கேள்விகளும் 2, 3 என்றே நின்றாலோ, 24ஆம் நாள் வரை இழுக்காமல் மருத்துவரிடம் மாத்திரை பற்றிப் பேசுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வாரத்துக்கு மேல் மருந்தை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டாம்.