சினிமாவில் காட்டுவதுபோல், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் நின்றுவிடுமா?

நிற்கும். கொடுக்காவிட்டாலும் நிற்கும். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். பக்கத்துக் கடைக்கு ஓடிச் சாவி வாங்கி வந்து கையில் திணிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது. இயக்குநருக்கும் வசதி, ஒரே ஷாட்டில் ஹீரோ நல்லவன் என்று காட்டிவிடலாம்.

நீங்கள் எங்கேயோ நேரில் பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் தம்பிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு உண்டு. ஒருமுறை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துப்பட்டாவை மடித்து வைத்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து, உடனே 108-க்கு அடிக்க வேண்டும். அதற்குள் ஒருவர் அவன் விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணித்ததில் உள்ளங்கை கிழிந்தது. இன்னொருவர் டீக்கடை ஸ்பூனைப் பல்லுக்கு நடுவில் விட வந்தார். கையைப் பிடித்துத் தடுத்தேன். பல் உடைந்தால் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "கூடப் பொறந்தவளா நீ? மணி பாத்துக்கிட்டு நிக்கிறே!" என்று எனக்குத்தான் திட்டு. முழு நினைவு திரும்புவதற்குள் ஒரு அம்மா சோடாவை நீட்டினார். அதுவும் கூடாது. பாவம், அவர் நல்ல மனதோடுதான் செய்தார்.

"சினிமாவைப் போய்ப் பாடமாக எடுத்துக்கலாமா?" என்று கமெண்டில் கேட்க வருபவர்களுக்கு: இரும்பு கொடுக்கும் பழக்கம் சினிமாவுக்கு முன்பே இருந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் வலிப்பு என்றாலே வாயில் நுரை, கைகால் வெட்டு. என் தம்பிக்கு அதிகம் வந்தது வேறு மாதிரி. பேசிக்கொண்டே இருப்பவன் திடீரென்று வெறிப்பான், சப்புக்கொட்டுவான், சட்டைப் பட்டனை நோண்டுவான். கூப்பிட்டால் காதில் விழாது. திமிர் என்று நினைத்து ஒரு வாத்தியார் அடித்தே இருக்கிறார். இதை நான் எந்தத் தமிழ்ப் படத்திலும் பார்த்ததில்லை. தினமும் வேளை தவறாமல் மாத்திரை போடுகிற ஆளையும் பார்த்ததில்லை. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் என்ன க்ளைமாக்ஸ் வைக்க முடியும்!

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வலிப்பு வருபவரின் கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்க இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இடம் இருந்தது. 1999-இல் திருத்தம் செய்து அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் கல்யாணத் தரகருக்கு இன்னும் சேதி போகவில்லை. "மறைச்சிரலாம்க்கா, தாலி ஏறினப்புறம் யார் கேக்கப் போறா?" என்றார். சொல்லித்தான் பெண் கேட்போம் என்றோம். அன்றோடு எங்கள் போனை எடுப்பதில்லை. கொடுத்த அட்வான்ஸும் வரவில்லை.