வாசகர் கேள்வி பதில்: எடை ஏன் ஏறுகிறது?

உடல் எடையைப் பற்றிய கடிதங்கள் சில மாதங்களில் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயர் மட்டும் தரப்படுகிறது.

எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார். தட்டு நிறையச் சாப்பிட்டார். எழுபது வயதிலும் வயிறு ஒட்டியே இருந்தது. இருபது வயதில் 66 கிலோவாக இருந்த நான், அளவோடு சாப்பிட்டும் நாற்பதில் 86 கிலோ. உழைப்பு குறைந்ததுதானே காரணம்?
— வாசகர், தேனி

உழைப்பு குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அதையே முதற்காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1950களில் இலண்டன் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்த ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர், நாள் முழுவதும் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, மாடிப் பேருந்தில் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்ததைக் கண்டறிந்தார். உழைப்பின் பெருமைக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. அதற்கு அதிகம் பேசப்படாத ஒரு பின்கதை உண்டு. அந்தக் குழுவினரே பின்னர் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இளவயது ஓட்டுநர்களுக்கும்கூட நடத்துநர்களைவிட இடுப்பு பெரிதாகவே இருந்தது. உட்கார்ந்ததால் பருத்தார்களா, சற்றுப் பருத்தவர்கள் உட்காரும் வேலைக்குப் போனார்களா என்பதற்குக் கால்சட்டையிடம் விடை இல்லை.

தான்சானியாவின் வடபகுதியில் ஹட்சா என்ற மக்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்கிறார்கள். நாள்தோறும் அவர்கள் நடக்கும் தொலைவை நம்மில் பலர் ஒரு வாரத்தில்கூட நடப்பதில்லை. ஹெர்மன் போன்ட்சர் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும், அடையாளமிட்ட அணுக்கள் கொண்ட நீரைக் குடிக்கச் செய்து, சிறுநீரை ஆராய்ந்து, அவர்கள் ஒரு நாளில் எரிக்கும் ஆற்றலை அளந்தார்கள். 2012இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது: உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஹட்சா மக்கள் எரிப்பதும் மேலை நாட்டு நகரவாசி எரிப்பதும் ஏறத்தாழ ஒன்றே. ஓடியாடிச் செலவிடும் ஆற்றலை ஈடுகட்ட உடல் வேறு உள்வேலைகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பது போன்ட்சர் தரும் விளக்கம். எல்லா ஆய்வாளர்களும் இதை முழுமையாக ஏற்கவில்லை. நானும் இதைக் காட்டி நடைப்பயிற்சியை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் இரத்தச் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அது செய்யும் நன்மையில் ஐயமே இல்லை. இடுப்பு பெருத்ததற்கு நாற்காலியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போதாது என்பதுதான் என் வாதம்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளில் 20 கிலோ என்றால் ஆண்டுக்கு ஒரு கிலோ. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அதை 365 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 21 கலோரி, அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. எடை ஏறஏற உடலின் செலவும் ஏறும் என்பதால் உண்மையில் கணக்கு இவ்வளவு நேரானதன்று. ஆனாலும் இந்த அளவு நுட்பமான வரவு செலவை எந்த மனிதரும் மனத்தால் கணக்கிட்டுச் சாப்பிட்டதில்லை. உங்கள் தாத்தாவும் கணக்கிடவில்லை. அவருக்குள் இருந்த கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டார். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்கு இருப்பைத் தெரிவிக்கும் லெப்டின் என்ற சுரப்பை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தபோதுதான், அப்படி ஒரு கணக்குப்பிள்ளை இருப்பதற்குத் திட்டவட்டமான சான்று கிடைத்தது. குடலிலிருந்தும் இரைப்பையிலிருந்தும் வரும் வேறு செய்திகளும் அதே மூளைப் பகுதிகளுக்குப் போய்ச் சேர்கின்றன.

இந்த ஏற்பாடு நம் தலைமுறையில் மட்டும் ஏன் கணக்குத் தவறுகிறது? மரபணுக்கள் இரண்டு தலைமுறைக்குள் மாறுவதில்லை. மன உறுதி குறைந்துவிட்டது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI அளவு) 25ஐத் தொட்ட அல்லது தாண்டியவர்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4 விழுக்காடு. ஐந்தாண்டுகளுக்குள் பத்தில் ஒரு பெண் திடீரென்று சோம்பேறியாகவோ பேராசைக்காரியாகவோ ஆகிவிட்டார் என்று நம்ப முடியுமா? கணக்குப்பிள்ளை அதே ஆள்தான். அவர் முன் வந்து இறங்கும் சரக்குதான் மாறியிருக்கிறது. அது எப்படி என்பதற்கு அடுத்த கேள்வி வழிவிடுகிறது.

பாக்கெட் தின்பண்டங்களைக் குறை சொல்கிறார்கள். அதில் இருப்பதும் மாவு, எண்ணெய், உப்பு, சர்க்கரைதானே? வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுடுவதில்லையா?
— வாசகி, காரைக்குடி

செட்டிநாட்டுப் பலகாரங்களின் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. நீங்கள் சொல்வதைப் போலவேதான் ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹாலும் முதலில் நினைத்தார். சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் சமமாக இருந்தால், ஆலையில் செய்த உணவுக்கும் அடுப்பில் செய்த உணவுக்கும் வேறுபாடு இருக்காது என்பது அவர் எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அவர் 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்தார். இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. யாருக்கு எது முதலில் என்பது குலுக்கலில் முடிவானது. தட்டில் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரு வகையிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். 2019இல் வெளியான முடிவின்படி, பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் சுமார் 900 கிராம் ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் ஏறத்தாழ அதே அளவு இறங்கினார்கள்.

இரண்டு உணவும் ஒரே அளவு சுவையாக இருந்ததாகத்தான் அவர்கள் சொன்னார்கள். எனவே ருசியில் மயங்கி அதிகம் தின்றார்கள் என்று முடித்துவிட முடியாது. பதப்படுத்திய உணவு மென்மையாக இருப்பதால் அதை வேகமாக விழுங்கினார்கள்; நீர்ச்சத்து நீங்கியிருப்பதால் ஒரு கைப்பிடியில் அடங்கும் கலோரி அதிகம். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச்சேர நேரமாகிறது. அதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது. ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்து மென்று தின்னும் நேரத்தில் எத்தனை பிஸ்கட்டுகள் போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது முறுக்குக்கு வருவோம். உங்கள் பாட்டி காலத்து முறுக்கிலும் எண்ணெய் இருந்தது. ஆனால் அரிசி ஊற வைத்து, உலர்த்தி, இடித்து, சலித்து, பிழிந்து, விறகடுப்பின் முன் அரை நாள் உட்கார வேண்டியிருந்ததால் அது தீபாவளிக்கும் சீமந்தத்துக்கும் மட்டுமே வந்தது. கட்லர், கிளேசர், ஷப்பீரோ என்ற மூன்று அமெரிக்கப் பொருளியலாளர்கள் 2003இல் இதையே உருளைக்கிழங்கை வைத்து விளக்கினார்கள்: இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கர்கள் உருளைக்கிழங்கை நிறையவே சாப்பிட்டார்கள், ஆனால் வேக வைத்தோ சுட்டோ மசித்தோதான் சாப்பிட்டார்கள், தோலுரித்து நறுக்கிப் பொரிப்பது வீட்டில் பெரும் வேலை என்பதால் வறுவல் அரிதாக இருந்தது. அந்த வேலையைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டதும், வறுவலே உருளைக்கிழங்கின் முதன்மை வடிவமாகிவிட்டது. நம் ஊரில் பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் பெட்டிக்கடை வாசலில் சரம்சரமாகத் தொங்குவதும் அதே கதைதான். செய்பவரின் களைப்பு ஒரு வேலியாக இருந்தது, வேலி போய்விட்டது. அந்தக் களைப்பு முழுவதையும் பெண்களே சுமந்தார்கள் என்பதால், அது போனதற்காக நான் வருந்தமாட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நானும் தங்கையும் ஒரே வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தோம். அவள் கொடி போல இருக்கிறாள், நான் பருத்திருக்கிறேன். சுற்றுப்புறம்தான் காரணம் என்றால் இது எப்படி?
— வாசகி, ஈரோடு

கனடாவில், கியூபெக்கின் லாவல் பல்கலைக்கழகத்தில் குளோட் பூஷார் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தி 1990இல் வெளியிட்டார். ஒத்த இரட்டையர்களான இளைஞர்கள் 12 ஜோடிகளைத் தங்க வைத்து, 100 நாட்களில் 84 நாட்கள், வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடுதலாக ஊட்டினார்கள். (ஒப்புக்கொண்டவர்களின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.) சராசரியாக 8 கிலோ ஏறியது, ஆனால் சிலருக்கு 4 கிலோ, சிலருக்கு 13 கிலோ. ஒரே ஜோடியின் இருவரும் ஏறத்தாழ ஒன்றுபோல ஏறினார்கள் என்பதுதான் முக்கியம். அதே அளவு மிகை உணவை ஒருவர் உடல் சேமிக்கிறது, இன்னொருவர் உடல் பெருமளவு செலவழித்துவிடுகிறது. அதைப் பெரும்பாலும் மரபணு முடிவு செய்கிறது. ஒத்த இரட்டையராக அல்லாத அக்காவும் தங்கையும் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள்.

ஆனால் மரபணு மட்டுமே எதையும் செய்துவிடாது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினர் ஆற்றுப் பாசன உழவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் மேல்நிலையில் ஆற்றைத் திருப்பிவிட்டதால் வேளாண்மை அழிந்து, காலப்போக்கில் மாவும் பன்றிக் கொழுப்பும் போன்ற வெளி உணவுக்கு மாறினார்கள். உலகிலேயே அதிக அளவு நீரிழிவும் உடல் பருமனும் பதிவான மக்களில் அவர்களும் அடங்குவர். அவர்களின் இரத்த உறவினர்கள் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மலைப்பகுதியில், தாங்களே பயிரிட்டதை உண்டு வாழ்ந்தார்கள். 1994இல் இரு பிரிவினரையும் ஒப்பிட்டபோது மெக்சிகோ பீமாக்கள் சராசரியாக 26 கிலோ குறைவாக இருந்தார்கள். உங்களுக்கும் தங்கைக்கும் உள்ள வேறுபாட்டை மரபணு விளக்குகிறது. உங்கள் இருவருக்கும் பாட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அது விளக்காது.

என் குறியீட்டெண் 22தான். வயிறு மட்டும் முன்னால் வருகிறது. கவலைப்பட வேண்டுமா?
— வாசகர், திருநெல்வேலி

இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டினருக்கு, ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லைகள். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004இல் தங்கள் படங்களையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3, கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. யூட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதால் ஒப்பீடு சற்று அநியாயம்தான்; ஆனாலும் ஒல்லியாகத் தெரியும் இந்தியர்களுக்கும் கொழுப்பு மிகுந்திருக்கலாம் என்பது பிற ஆய்வுகளிலும் உறுதியாகியிருக்கிறது. இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடும் முயற்சியில் 11 கிலோ குறைத்தேன். ஒன்றரை ஆண்டில் அவ்வளவும் திரும்பிவிட்டது. என் தவறா?
— வாசகி, சிங்கப்பூர்

இல்லை. எடை குறைப்புக்கான அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, அதே கெவின் ஹால் ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தார். இழந்த எடையில் பெரும்பகுதி சராசரியாகத் திரும்பியிருந்தது. அதைவிட வியப்பு, ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் எரித்த ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே நீடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, செலவைச் சுருக்கிப் பசியைப் பெருக்குகிறது. நீங்கள் எதிர்த்துப் போராடியது உங்கள் நாவை அல்ல, பஞ்சங்களைப் பிழைத்து வந்த ஓர் ஏற்பாட்டை. அடுத்த முறை பட்டினியாகத் தொடங்காமல், எளிதில் விழுங்க முடியாத உணவுகளை முன்னே வைத்து மெதுவாகத் தொடங்குங்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், மருந்துகள் உட்பட என்ன வழிகள் உண்டு என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் எடை குறையுமா?
— வாசகர்கள், பல ஊர்கள்

குறையாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. வெந்நீரை மட்டும் குடிக்கலாம்.